ஓக் விதைத் தோட்டமும் மரபுப் பன்மையும்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

ஐரோப்பாவில் காட்டு மர நர்சரிகளில் வேலை பார்க்கும் நம்மவர்கள், ஊரில் வனவியல் படிக்கும் மாணவர்கள், மரம் நடும் குழுக்களில் இருப்பவர்கள் என்று பலரும் ஏறத்தாழ ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருப்பதை விட ஒரே இடத்தில் கோத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பேச்சு ஐரோப்பிய ஓக் மரங்களைப் பற்றியது. கடைசியில் நம்ம தேக்கும் எட்டிப் பார்க்கும்.

ஓக்னா நீலகிரி டீத் தோட்டத்துல நிழலுக்கு நிக்குதே, அந்த சில்வர் ஓக் தானே?

இல்லை. சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, மக்கடேமியா கொட்டையின் குடும்பம். உண்மையான ஓக் மரங்கள் குவெர்கஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. அதில் 400-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. இந்தியாவில் அவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் இமயமலைப் பக்கம் போக வேண்டும். உத்தராகண்டில் பாஞ்ச் என்று சொல்லும் மரம் அந்த வகைதான்.

இங்கே நான் பேசுவது பெரும்பாலும் இரண்டு இனங்களை. ஒன்று குவெர்கஸ் ரோபர். அதன் கொட்டை நீளமான காம்பில் தொங்கும். மற்றது குவெர்கஸ் பெட்ரேயா. கொட்டை கிளையோடு ஒட்டியே இருக்கும். சுருக்கமாக ரோபர், பெட்ரேயா என்று எழுதுகிறேன்.

விதைத் தோட்டம்னு தனியா எதுக்கு? காட்டுல போய் கொட்டையைப் பொறுக்கினா போதாதா?

பொறுக்கலாம். ஐரோப்பாவில் இன்றைக்கும் ஓக் கொட்டையில் பெரும்பங்கு அப்படித்தான், விதைக்கென்று பதிவு செய்யப்பட்ட காட்டுப் பகுதிகளிலிருந்து வருகிறது. ஆனால் அங்கே நல்ல மரமும் கோணல் மரமும் சேர்ந்துதான் பூக்கின்றன. கீழே விழுந்த கொட்டைக்குத் தாய் எது என்பதே சந்தேகம், தகப்பனைக் கேட்கவே வேண்டாம்.

விதைத் தோட்டத்தில் பல காடுகளைச் சுற்றி நேரான தண்டு, நல்ல வளர்ச்சி உள்ள மரங்களைத் தேர்ந்தெடுப்பார்கள். இவற்றை பிளஸ் மரம் என்பார்கள். அவற்றின் ஒட்டுகளையோ பிள்ளைகளையோ ஒரே நிலத்தில் இடைவெளி விட்டு நடுவார்கள். அவை தங்களுக்குள் கலந்து காய்க்க வேண்டும், அந்தக் கொட்டை நர்சரிக்குப் போக வேண்டும். மரத்துக்காக அல்ல, விதைக்காகவே வளர்க்கும் தோட்டம் அது.

ஒட்டுக் கட்டித்தான் நடணுமா? கொட்டையையே போட்டு வளர்த்தா ஆகாதா?

இரண்டும் நடைமுறையில் உண்டு. காட்டில் ஓக் ஒழுங்காகக் காய்க்க 40 வருடம் கூட ஆகலாம். வயதான மரத்தின் உச்சியிலிருந்து எடுத்த குச்சியை இளங்கன்றில் ஒட்டினால், நம்ம ஒட்டு மா போல, அந்தக் குச்சி தன் வயதை மறப்பதில்லை. சீக்கிரமே பூக்கத் தொடங்கிவிடும். ஒரே மரத்திலிருந்து எடுத்த ஒட்டுகள் எல்லாம் சேர்ந்து ஒரு குளோன்.

கொட்டை போட்டு வளர்க்கும் தோட்டத்தில் ஒவ்வொரு மரமும் வேறு. முதலில் எந்தத் தாயின் பிள்ளைகள் நன்றாக வளர்கின்றன என்று சோதிக்க நடுவார்கள். பிறகு மோசமானவற்றை வெட்டி எடுத்து, மிச்சத்தை விதைக்கு விடுவார்கள். அமெரிக்காவின் டென்னசியில் 1973-இல் நட்ட வடாகா ரெட் ஓக் தோட்டம் இப்படி வந்ததுதான். காத்திருப்பு அதிகம், ஆனால் மரபுப் பன்மைக்கு, அதாவது மரத்துக்கு மரம் மரபில் இருக்கும் வேறுபாட்டுக்கு, இது நல்ல வழி என்பது என் கட்சி.

ரொம்ப நல்ல மரம் ஒண்ணே ஒண்ணை எடுத்து ஆயிரம் நட்டா நல்ல காடு வருமே. பன்மை எதுக்கு?

சில வருடங்களில் வெட்டும் யூகலிப்டஸ், பாப்லர் என்றால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நியாயம் உண்டு. ஒரு குளோன் சொதப்பினால் அடுத்த சுற்றில் மாற்றிக்கொள்ளலாம். ஓக் அப்படி இல்லை. பிரான்சின் துரோன்சே காட்டில், பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கோல்பேர் காலத்து மரங்கள் இன்னும் நிற்கின்றன. அவர் காட்டுச் சட்டம் கொண்டுவந்தது 1669-இல். இன்று நடும் ஓக் நாம் யாரும் பார்க்கப்போகாத பருவநிலையில், இன்னும் பெயர் வைக்காத நோய்களோடு வாழ வேண்டும்.

1907 வாக்கில் வெள்ளைப் பூசண நோய் ஐரோப்பிய ஓக் காடுகளில் திடீரென்று பரவியது. அதற்கு முன் அந்த மரங்களுக்கு அதைத் தெரியாது. இளங்கன்றுகள் நிறையச் செத்தன, ஆனால் எல்லாம் சாகவில்லை. தாக்குப்பிடிக்கும் திறன் மரத்துக்கு மரம் வேறுபட்டது. எந்த மரத்தில் அந்தத் திறன் இருக்கிறது என்று முன்கூட்டியே யாராலும் தேர்ந்தெடுத்திருக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. காட்டில் தானாக முளைக்கும்போது ஒரு ஹெக்டேரில் லட்சக்கணக்கான கன்றுகள் வரலாம்; அவற்றில் இயற்கை கழித்துக் கட்டியது போக சில நூறுதான் பெரிய மரமாகும். நாம் நடும்போது ஹெக்டேருக்குச் சில ஆயிரம்தான் நடுகிறோம். கழிக்க இடம் குறைவு. அதனால் நடும் கன்றுகளுக்குள்ளேயே வேறுபாடு இருந்தாக வேண்டும்.

ஓக் எப்படிப் பூத்துக் காய்க்குது? தேனீ வருமா?

தேனீக்கு வேலை இல்லை, எல்லாம் காற்றுதான். ஒரே மரத்தில் ஆண்பூக்கள் சரம் சரமாகத் தொங்கும். பெண்பூ இலைக்கணுவில் கண்ணுக்கே தெரியாத அளவில் இருக்கும். ஏப்ரல், மே மாதம் பூத்து, ரோபரும் பெட்ரேயாவும் அதே வருட இலையுதிர் காலத்தில் கொட்டையை உதிர்க்கும். ரெட் ஓக்குக்கு இரண்டாவது வருடம் ஆகும்.

ஒவ்வொரு பெண்பூவுக்குள்ளும் ஆறு சூல்கள் உண்டு. பொதுவாக ஒன்றுதான் விதையாகும். தன் மகரந்தமே தன் பூவில் விழுந்தாலும் பெரும்பாலும் அது எடுபடாது, அயல் மகரந்தம் முந்திக்கொள்ளும். அதனால் ஓக்கில் தன்கலப்பு சில சதவீதத்தைத் தாண்டுவது அரிது.

எங்க தோட்டத்துப் பலகைல 50 குளோன்னு போட்டிருக்கு. அப்ப 50 மரத்தோட பன்மை விதைல இருக்குன்னுதானே அர்த்தம்?

இந்தப் பக்கத்தை எழுத வைத்ததே இந்தக் கேள்விதான். அப்படி அர்த்தம் இல்லை. பலகை சொல்வது தோட்டத்தில் எத்தனை பெற்றோர் நிற்கிறார்கள் என்பதை. மூட்டையில் இருக்கும் கொட்டைகளை எத்தனை பேர், எந்தப் பங்கில் பெற்றார்கள் என்பது வேறு கணக்கு.

கணக்கு எளிது. ஒவ்வொரு பெற்றோரின் பங்கையும் அதாலேயே பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, 1-ஐ அந்தக் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். வருவதுதான் பயனுறு பெற்றோர் எண்ணிக்கை. 50 குளோனும் சமமாகக் காய்த்தால் விடை 50. சரி, 10 குளோன்கள் மட்டும் 80 சதவீதக் கொட்டையைத் தந்து, மீதி 40 குளோன்கள் சேர்ந்து 20 சதவீதம் தந்தால்? பத்து தடவை 0.08-இன் வர்க்கம், 0.064. நாற்பது தடவை 0.005-இன் வர்க்கம், 0.001. மொத்தம் 0.065. 1-ஐ அதால் வகுத்தால் 15 சொச்சம். பலகையில் 50, மூட்டையில் 15.

இது தாய்ப்பக்கக் கணக்கு மட்டும். மகரந்தத்தை 50 குளோனும் சமமாகத் தந்திருந்தால், தாய் பங்கையும் தந்தை பங்கையும் சராசரி எடுத்துப் போடும்போது அதே மூட்டைக்கு 32 வரும். ஆக, கொட்டையே தராத மரமும் வீண் இல்லை, காற்றில் தன் பங்கை அனுப்பிக்கொண்டிருக்கலாம். காய்க்கவில்லை என்று அதை வெட்டத் துடிப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

ஏன் சில மரம் மட்டும் அப்படிக் கொட்டுது, மத்தது சும்மா நிக்குது?

பல காரணம். காய்ப்புத் திறனே ஓரளவு பரம்பரையாக வருவது. தோட்டத்தின் ஓரத்தில் வெயில் படும் மரம் உள்ளே இருப்பதை விட அதிகம் காய்க்கும். சில ஒட்டுகள் வேர்ச்செடியோடு சரியாகச் சேராமல் நோஞ்சானாகவே இருக்கும்.

அப்புறம் நேரம். ஓக்கில் சீக்கிரம் துளிர்க்கும் மரத்துக்கும் தாமதமாகத் துளிர்க்கும் மரத்துக்கும் இடையே இரண்டு மூன்று வாரம் கூட வித்தியாசம் வரும். முந்திப் பூத்தது வசந்தகாலப் பனியில் கருகிவிட்டால் அந்த வருடம் அதற்குப் பங்கே இல்லை. பனி தப்பினாலும், முந்திய மரத்தின் மகரந்தம் பறக்கும்போது பிந்திய மரத்தின் பெண்பூ திறந்திருக்காது. பக்கத்துப் பக்கத்தில் நின்றும் கல்யாணம் நடக்காது. 50 குளோன் தோட்டம் நடைமுறையில் முந்திய கூட்டம், பிந்திய கூட்டம் என்று இரண்டு சிறு தோட்டங்களாகவே இயங்கலாம்.

காய்ப்பு கம்மியான வருஷத்துல பொறுக்கினா என்ன? கொட்டை கொட்டைதானே?

ஓக் வருடா வருடம் ஒரே மாதிரி காய்ப்பதில்லை. ஒரு வருடம் காடு முழுக்கக் கொட்டும், பிறகு சில வருடம் பேருக்குத்தான். கொட்டும் வருடத்தில் பெரும்பாலான குளோன்கள் பங்கெடுக்கும், வண்டு, காட்டுப்பன்றி தின்றது போகவும் மிஞ்சும். மோசமான வருடத்தில் எப்போதும் காய்க்கிற ஐந்தாறு குளோன்கள்தான் கை கொடுக்கும். அப்போது மேலே போட்ட கணக்கு 15-க்கும் கீழே சரியும். நல்ல தோட்டம்தான், ஆனால் அந்த வருடத்து விதை நல்லதில்லை. தோட்டத்தின் பெயரை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் இதைத்தான் தவற விடுகிறார்கள்.

அப்ப எத்தனை குளோன் இருந்தா போதும்? ஒரு நம்பர் சொல்லுங்க.

எதைக் காப்பாற்றப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒட்டுமொத்த வேறுபாடு மட்டும் போதும் என்றால், உறவில்லாத 20 பெற்றோர் சமமாகப் பங்கெடுத்தாலே மூலக்காட்டின் பன்மையில் 97.5 சதவீதம் வந்துவிடும். 50 ஆனால் 99. வித்தியாசம் அற்பம். இந்த எண்ணைக் காட்டித்தான் "20 போதும்" என்று சிலர் வாதாடுவார்கள்.

அரிய மரபணு வடிவங்களைப் பார்த்தால் கதை மாறும். காட்டில் நூற்றுக்கு ஐந்து வீதம் இருக்கும் ஒரு வடிவம் 20 மரங்களில் ஒன்றிலாவது இருக்க 87 சதவீத வாய்ப்பு. 50 மரத்தில் 99-க்கு மேல். நூற்றுக்கு ஒன்று என்ற வீதத்தில் இருப்பது 20 மரத்தில் சிக்க 33 சதவீத வாய்ப்புதான், 50 மரத்தில் 63. நாளைய நோய்க்கு எதிர்ப்பு இப்படி ஓர் அரிய வடிவத்தில் ஒளிந்திருக்கலாம்.

நம்பர் வேண்டும் என்றால்: 200 வருட மரத்துக்கு நான் 50-க்குக் குறையாமல் நடுவேன். அதை விட முக்கியமாக, மூட்டையில் பயனுறு எண்ணிக்கை 20-க்குக் கீழே போகும் வருடத்தில் அதைத் தோட்ட விதை என்று விற்கத் தயங்குவேன்.

ஒரே குளோனோட ஒட்டுகளைப் பக்கத்துல பக்கத்துல நட்டா என்ன ஆகும்? வேலை சுலபமா இருக்குமே.

பொறுக்க சுலபம்தான். ஆனால் ஒரே குளோனின் இரண்டு ஒட்டுகள் மரபில் ஒரே மரம். ஒன்றின் மகரந்தம் மற்றதில் விழுந்தால் அது தன்கலப்பு. ஓக் அதைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும் என்று மேலே சொன்னேன். ஒதுக்கினால் காய்ப்பு குறையும். ஒதுக்காமல் தப்பி வந்த கன்றுகள் பல நேரம் நோஞ்சானாக இருக்கும். இரண்டிலும் நட்டம்.

அதனால்தான் ஒவ்வொரு குளோனின் ஒட்டுகளும் தள்ளித் தள்ளி வரும்படியும், ஒரே ஜோடி திரும்பத் திரும்ப அண்டை வீட்டுக்காரர்களாக ஆகாதபடியும் கணினியில் வரைபடம் போட்டு நடுகிறார்கள்.

வெளிய இருந்து காத்துல வர்ற மகரந்தம் நல்லதா கெட்டதா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

இரண்டு பேரும் சொல்வது உண்மைதான். முதலில் அளவைப் பாருங்கள். பிரான்சின் பெத்தித் ஷார்னி காட்டில் ஆறு ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவான ஓர் ஓக் பகுதியில் ஒவ்வொரு மரத்தின் டிஎன்ஏவையும் எடுத்து, கொட்டைகளின் தகப்பன் யார் என்று தேடினார்கள். 1999-இல் வெளியான முடிவு: ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கொட்டைகளின் தகப்பன் அந்தப் பகுதிக்குள்ளேயே இல்லை. தோட்டமும் இதற்கு விலக்கில்லை. நெதர்லாந்தில் ஒரு ரோபர் விதைத் தோட்டத்தில் இதே மாதிரி தேடியபோதும் வெளித் தகப்பன்களின் பங்கு பெரிதாகவே இருந்தது. சில நூறு மீட்டர் இடைவெளி விட்டு வேலி போட்டால் மகரந்தம் நின்றுவிடும் என்று நினைப்பது வீண்.

நேரான தண்டுக்காகக் கஷ்டப்பட்டு மரம் தேர்ந்தெடுத்தவருக்கு இது கெட்ட செய்தி. தாய் மட்டும்தான் தேர்ந்தெடுத்தது, தகப்பன் ரோட்டோரக் கோணல் மரமாக இருக்கலாம். தேர்வின் பலன் அந்த அளவுக்குக் குறையும். பன்மையைப் பார்ப்பவருக்கு அதே செய்தி நல்லது. 15-க்குச் சரிந்த தாய்ப்பக்கத்தை வெளித் தகப்பன்கள் தூக்கி நிறுத்துகிறார்கள். சுற்றிலும் நல்ல ஓக் காடு உள்ள இடத்தில் தோட்டம் வைத்தால் எனக்குப் பெரிய கவலை இல்லை. எங்கிருந்தோ வந்த விதையில் நட்ட சாலையோர மரங்களுக்கு நடுவே வைத்தால் கவலைப்படுவேன்.

பக்கத்துல பெட்ரேயா காடு இருக்கு, எங்கது ரோபர் தோட்டம். கலந்துடுமா?

கலக்கும், கொஞ்சமாக. இயற்கையிலேயே இந்த இரண்டும் சேர்ந்து வளரும் காடுகளில் கலப்பினங்கள் உண்டு. குறிப்பாக ரோபர் தாயாகவும் பெட்ரேயா தகப்பனாகவும் சேர்வது மறுபக்கத்தை விட எளிதாக நடக்கிறது. உங்கள் தோட்டம் அந்த எளிதான பக்கத்தில்தான் இருக்கிறது. தன் இனத்து மகரந்தம் நிறைய இருக்கும் நேரத்தில் அந்நிய மகரந்தத்துக்கு இடம் குறைவு. ரோபர் பூ குறைந்த வருடத்தில் கலப்பு கூடும் என்று எதிர்பார்க்கலாம்.

தகப்பன் யாருன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறாங்க? மரம் சாட்சி சொல்லுமா?

கொட்டையே சொல்லும். கொட்டையின் மேல் ஓடு தாயின் திசு. உள்ளே இருக்கும் கரு தாயும் தகப்பனும் சேர்ந்தது. ஓட்டையும் கருவையும் தனித்தனியாகச் சோதித்தால் தாய் யார் என்று முதலில் தெரியும். கருவில் தாயின் பங்கைக் கழித்தால் மீதி தகப்பனுடையது. அதைத் தோட்டத்துக் குளோன்களோடு ஒப்பிட வேண்டும். ஒன்றோடும் பொருந்தவில்லை என்றால் வெளி ஆள். ரோபர் மரபணுத் தொகுதி முழுவதும் 2018-இல் வெளியாகிவிட்டது, அதில் சுமார் 26,000 மரபணுக்கள். அதனால் ஒப்பிடுவதற்கான குறிகளுக்குப் பஞ்சமில்லை.

ஓக்கில் பசுங்கணிக டிஎன்ஏ தாய்வழி மட்டுமே போகும். பனியுகத்தின்போது ஓக் ஸ்பெயின், இத்தாலி, பால்கன் பக்கம் ஒதுங்கியிருந்து பிறகு வடக்கே வந்தது. எந்த வழியாக வந்தது என்பது அந்த டிஎன்ஏவில் இன்றும் படிந்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குரோவேஷியாவின் சுலவோனியாவிலிருந்து ஜெர்மனியின் மூன்ஸ்டர் பக்கம் கொட்டை கொண்டுபோய் விதைத்தார்கள். தாமதமாகத் துளிர்க்கும் நேரான மரங்கள் அவை. இன்று எது அந்த வம்சம், எது உள்ளூர் என்று பிரிக்க இந்தக் குறிகள்தான் உதவுகின்றன. விதை வியாபாரத்தில் ஊர் பெயரை மாற்றிச் சொல்பவர்களைப் பிடிக்கவும் இது ஓரளவு உதவும்.

பலகைல இருக்கிற பேரும் நிக்கிற மரமும் ஒண்ணுதான்னு எப்படி நம்புறது?

நம்பாதீர்கள், சோதியுங்கள். ஒட்டுக் கட்டும்போது சீட்டு மாறுவது எல்லா நாட்டிலும் நடக்கிற கதை. இன்னொரு தொல்லை, ஒட்டு செத்துப்போய் கீழே இருந்த வேர்ச்செடி தழைத்து மரமாகிவிடும். குளோன் 17 என்று எழுதிய இடத்தில் யாரோ ஒரு அநாமதேயம் நிற்கும். பழைய தோட்டங்களில் ஒரு தடவையாவது எல்லா மரத்தின் இலையையும் எடுத்து டிஎன்ஏ அடையாளம் பார்த்துவிடுவது நல்லது. இப்போது அதற்கு ஆகும் செலவு ஒன்றும் பெரிதில்லை.

காட்டு விதைல எப்படியும் தோட்டத்தை விட பன்மை ஜாஸ்திதானே?

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். காட்டில் ஆயிரம் மரம் நிற்கும், ஆனால் பொறுக்குகிறவர் வண்டி நிறுத்திய இடத்துக்குப் பக்கத்தில் நன்றாகக் கொட்டிய ஏழெட்டு மரத்தடியில் மூட்டையை நிரப்பிவிட்டுப் போய்விடுவார். அந்த மரங்களும் பல நேரம் சொந்தக்காரர்கள். பெரும்பாலான கொட்டை தாயின் காலடியிலேயே விழுகிறது, ஜே பறவை எடுத்துப் புதைப்பதுதான் தூரம் போகும். அப்படிப்பட்ட விதையை விட, பல காடுகளிலிருந்து ஒட்டெடுத்த 50 குளோன் தோட்டம் மேல்.

ஒரு தகவல் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். செல்லின் உட்கருவில் இருக்கும் டிஎன்ஏவைப் பார்த்தால், ஐரோப்பிய ஓக்கின் வேறுபாட்டில் 95 சதவீதத்துக்கு மேல் ஒவ்வொரு காட்டுக்குள்ளேயும் இருக்கிறது. காட்டுக்கும் காட்டுக்கும் நடுவே உள்ளது மிகச் சொற்பம். மகரந்தம் அவ்வளவு தூரம் பறப்பதன் பலன் அது. துளிர்க்கும் நேரம் போன்ற குணங்களில் மட்டும் இடத்துக்கு இடம் வித்தியாசம் தெளிவாகத் தெரியும், ஏனென்றால் அங்கே குளிரும் வறட்சியும் தேர்வு செய்துகொண்டே இருக்கின்றன.

பொறுக்குறதுல இருந்து கன்று வரைக்கும் பன்மை எங்கெங்க தொலையுது?

நிறைய இடத்தில், அதுவும் யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யாமலே. கூலி கிலோ கணக்கில் என்றால் ஆட்கள் நன்றாகக் காய்த்த மரத்தடிக்குத்தான் போவார்கள். அதில் அவர்கள் தப்பு ஒன்றுமில்லை. குளோன் வாரியாகத் தனிச் சாக்கில் கட்டி, கடைசியில் நிறையக் காய்த்ததன் பங்கைக் குறைத்துக் கலந்தால் பயனுறு எண்ணிக்கை உடனே ஏறும். விஞ்ஞானம் ஏதும் தேவையில்லை, சாக்கும் ஒரு தராசும் போதும். முதலில் விழுவதை மட்டும் பொறுக்காமல் இரண்டு மூன்று தடவை போவதும் அவசியம். முந்திய குளோன், பிந்திய குளோன் இரண்டும் அப்போதுதான் சேரும்.

அடுத்த ஓட்டை நர்சரியில். சிறிய கொட்டை போடும் குளோனின் கன்று முதல் வருடம் குட்டையாக இருக்கும். உயரம் பார்த்துத் தரம் பிரித்து, குட்டையை எல்லாம் குப்பையில் போட்டால் சில தாய்களின் வம்சமே அங்கே கழிந்துபோகும். கொட்டையின் அளவால் வந்த உயரம் பின்னால் பெரும்பாலும் மங்கிவிடும் என்பதால் இது தேவையில்லாத இழப்பு. நோய் தாக்கியதை, வளைந்ததைக் கழியுங்கள். குட்டை என்பதற்காக மட்டும் கழிக்காதீர்கள்.

நல்ல வருஷத்துல நிறைய பொறுக்கி ஃப்ரீசர்ல வைச்சுக்கிட்டா பிரச்சினை தீர்ந்ததே?

தீராது. ஓக் கொட்டை நெல்லோ கத்தரி விதையோ மாதிரி காய வைத்துச் சேமிக்கும் ஜாதி இல்லை. புதிதாக விழும்போது 40 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும். அதிகம் உலர்ந்தால் செத்துவிடும், ஈரத்தோடு ஆழ் குளிரில் உறைந்தாலும் செத்துவிடும். கறுப்பு அழுகல் பூசணத்தைக் கொல்ல 41 டிகிரி வெந்நீரில் இரண்டரை மணி நேரம் ஊறப்போட்டு, பிறகு பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே, மைனஸ் 1 முதல் 3 டிகிரியில் வைப்பார்கள். அப்படியும் இரண்டு மூன்று குளிர்காலம் தாக்குப்பிடித்தால் பெரிது.

போலந்தில் கருவின் முளைக்குருத்தை மட்டும் எடுத்து மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் காக்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். அது பாதுகாப்புக்கு, நர்சரிக்கு அல்ல. ஓக்கின் பன்மையை வைத்திருக்கும் நிஜமான பெட்டகம் உயிருள்ள மரங்கள்தான்.

காய்க்கிறது மோசமான குளோன், வளர்ச்சி கம்மியான குளோன் எல்லாத்தையும் வெட்டிட்டா தரம் ஏறுமே. ஏன் தயங்குறாங்க?

ஏறும், ஓர் அளவு வரை. 50-இல் மோசமான பத்தை எடுத்தால் சராசரி நன்றாக உயரும், பன்மையில் பெரிய இழப்பு இல்லை. 50-ஐ 12 ஆக்கினால் கிடைக்கும் கூடுதல் பலன், இழப்புக்கு ஈடாகாது. வெட்டுவதற்குப் பதில் நடுவழி ஒன்று உண்டு. நல்ல குளோனுக்கு ஒட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டி, சுமாரானதற்குக் குறைத்து, எவரையும் முழுசாக ஒழிக்காமல் விடுவது. புதிதாகத் தோட்டம் போடுபவர்களுக்கு இதையே சொல்வேன்.

இதில் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது: எந்தக் குணத்துக்குத் தரம்? மண்ணும் மழையும் வேறான பல இடங்களில் பிள்ளைகளை நட்டுச் சோதிக்காமல் "மோசமான குளோன்" என்று முத்திரை குத்துவது அவசரம்.

ஐரோப்பாவுல விதை மூட்டைல கலர் சீட்டு இருக்கே, அதுல பன்மை தெரியுமா?

1999-இல் வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி நாலு தரம். எங்கிருந்து வந்தது என்று மட்டும் தெரிந்தால் மஞ்சள். தேர்ந்தெடுத்த காட்டுப் பகுதி என்றால் பச்சை. சோதனை முடியாத விதைத் தோட்டம் இளஞ்சிவப்பு. பிள்ளைகளை நட்டுச் சோதித்து மேலானது என்று நிரூபித்தது நீலம். தோட்டத்தில் என்ன குளோன்கள், எப்படி நட்டது என்பதெல்லாம் பதிவில் இருக்க வேண்டும். ஆனால் இந்த வருடத்து மூட்டைக்கு எத்தனை தாய் என்பதை எந்தக் கலரும் சொல்லாது. நீலச் சீட்டு மோசமான காய்ப்பு வருடத்திலும் நீலம்தான்.

விற்பவரிடம் நேரடியாகக் கேட்க வேண்டியது: எத்தனை குளோனிலிருந்து எடுத்தீர்கள், அதிகம் காய்த்த ஐந்து குளோனின் பங்கு எவ்வளவு, அந்த வருடம் காய்ப்பு எப்படி? குறித்து வைத்திருப்பவர் உடனே சொல்லிவிடுவார். குறிப்பே இல்லை என்றால் இரண்டு மூன்று இடத்தில் பிரித்து வாங்குங்கள்.

வெயில் ஏறிக்கிட்டே போகுது. தெற்கத்தி ஓக்கைக் கொண்டாந்து தோட்டத்துல கலந்துட்டா?

பிரிட்டனில் 2 முதல் 5 டிகிரி அட்சரேகை தெற்கே உள்ள விதையையும் கொஞ்சம் கலந்து நடச் சொல்லும் பரிந்துரை உண்டு. கன்றாக நடும்போது இது நியாயம். ஒன்று பிழைக்காவிட்டால் மற்றது பிழைக்கும். விதைத் தோட்டத்தில் கலப்பது வேறு விஷயம். தெற்கத்தி மரம் துளிர்க்கும் நேரம் உள்ளூர் மரத்தோடு ஒத்துவராவிட்டால், முன்பு சொன்ன இரண்டு கூட்டப் பிரச்சினைதான் வரும். காகிதத்தில் கலப்பு, பூவில் இல்லை. கொண்டுவந்த மரம் முந்தித் துளிர்த்தால் பனிக்கும் பலியாகும். பூக்கும் நேரத்தை இரண்டு மூன்று வருடம் குறித்துப் பார்த்து, ஒத்துப்போவதை மட்டும் சேர்ப்பதே நல்லது.

இதெல்லாம் நம்ம தேக்கு விதைத் தோட்டத்துக்கும் பொருந்துமா, சார்?

கணக்கு அப்படியே பொருந்தும், காரணங்கள் மாறும். கோயம்புத்தூரில் உள்ள வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனம் தேக்கு, யூகலிப்டஸ், சவுக்குத் தோட்டங்களில் இந்தப் பயனுறு எண்ணிக்கையை வைத்தே நிறைய ஆராய்ந்திருக்கிறது. தேக்கில் மகரந்தம் கொண்டுபோவது காற்று அல்ல, சிறு தேனீக்களும் மற்ற பூச்சிகளும். ஒவ்வொரு பூவும் ஒரே நாள்தான் திறந்திருக்கும். தன்கலப்பை ஓக் போலவே ஒதுக்கும். பூக்கும் காலத்தில் மழை கொட்டினால் பூச்சி வராது. வேறு வேறு ஊரிலிருந்து கொண்டுவந்த குளோன்கள் வேறு வேறு வாரத்தில் பூத்தால் சேர்க்கையே இருக்காது. இந்தியாவில் தேக்குக் குளோன் தோட்டங்கள் பல விதை தரவே திணறுவதற்கு இவை முக்கியக் காரணங்கள். வெளித் தகப்பன்கள் வந்து தூக்கி நிறுத்துவார்கள் என்று ஓக்கில் இருக்கும் அளவுக்கு இங்கே எதிர்பார்க்க முடியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் தேக்குக்காரர்களுக்கு யோகம். தேக்குக் காயை உலர்த்தி வைத்தால் கெடாது, சில நேரம் ஒரு வருடம் கிடந்த பிறகு முளைப்பு கூடுவதும் உண்டு. ஆகவே இரண்டு மூன்று வருடத்து அறுவடையைக் கலந்து, ஒரு வருடம் காய்க்காத குளோனின் பங்கை இன்னொரு வருடத்திலிருந்து எடுத்துச் சேர்க்கலாம். ஓக்கில் வெந்நீரும் குளிர் அறையும் வைத்துக்கொண்டு படாதபாடு படுகிற வேலை, இங்கே சாக்கில் தேதி எழுதி வைத்தால் முடிந்துவிடும்.